நின்ற வண்டி, ஓடிய வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவரின் காதில் முதலில் விழும் எண் கிலோமீட்டர்தான். "நாற்பத்தஞ்சாயிரந்தான் ஓடியிருக்கு. ஓனர் கல்ஃப்ல இருக்காரு. வருசத்துல ஒரு மாசம் லீவுல வந்தா எடுப்பாரு, மத்த நாளெல்லாம் ஷெட்டுலதான் கிடக்கும்." நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதை வண்டியின் நற்சான்றாகவே சொல்வார்கள், வாங்குபவரும் அப்படியே எடுத்துக்கொள்வார். பக்கத்திலேயே அதே மாடல், அதே ஆண்டு வண்டி இன்னொன்று 1,40,000 கிலோமீட்டர் ஓடி முடித்து நிற்கும். அதன் உரிமையாளர் தொழில் காரணமாக வாரந்தோறும் மதுரைக்குப் போய்வந்தவர். விலை கணிசமாகக் குறைவு என்றாலும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

டீசல் காரைப் பொறுத்தவரை, அதுவும் கன்னியாகுமரி மாவட்டத்தில், கிலோமீட்டர் தவறான அளவுகோல் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒவ்வொரு பயணத்திலும் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது? ஓடாத நேரத்தில் எங்கே நின்றது? முதல் கேள்வி வெப்பம் பற்றியது, இரண்டாவது உப்பு பற்றியது.

இங்கே நாம் பேசுவது ஸ்கோடா ஆக்டேவியா, லாரா, சூப்பர்ப், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஆடி ஏ4 போன்ற உயர்தர டீசல் கார்கள். பத்து ஆண்டு ஆனதும் இவற்றின் விலை ஒரு புதிய சிறிய காரின் விலைக்கு இறங்கிவிடும். ஆனால் இன்ஜெக்டரின் விலையும் டர்போவின் விலையும் கியர்பாக்ஸின் விலையும் இறங்குவதில்லை. எனவே சிறிய காரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு தவறான தேர்வு, இங்கே குடும்பத்தின் சேமிப்பையே அசைத்துவிடும்.

தீப்பொறி இல்லாத இன்ஜின்

சைக்கிள் பம்பை வேகமாக அடிக்கும்போது அதன் அடிப்பகுதி சுடும். அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது என்ற இந்த எளிய உண்மைதான் டீசல் இன்ஜினின் உயிர். ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இன்றைய டீசல் காரில் சிலிண்டருக்குள் வரும் காற்று ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 200 டிகிரிக்குச் சற்று மேலே போதும். ஆகவே தூவிய கணத்தில் எரிகிறது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும் காற்றைக் கசியவிடாமல் அடைக்க வேண்டும். டீசல் மிக நுண்ணிய துளிகளாகத் தூவப்பட வேண்டும். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் தொடங்கிப் பரவிய காமன் ரயில் முறை இரண்டாவது வேலையைத் துல்லியமாக்கியது. தொடக்கத்தில் 1,350 பாராக இருந்த எரிபொருள் அழுத்தம் பிறகு 2,000 பாரையும் தாண்டியது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 1 பார் அளவே. இன்ஜெக்டர் முனையின் துளைகள் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அகலம். அதன் உள்பாகங்களுக்கு இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். அந்த இடைவெளியில் உயவுக்கு இருப்பது டீசலே. தண்ணீரோ தூசியோ கலந்தால் உலோகம் உலோகத்தை உரசும்.

குளிர்நாடுகளில் இந்த இரண்டில் எது பழுதானாலும் முதல் பனிக்காலத்திலேயே தெரிந்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. நாஞ்சில் நாட்டில் மார்கழி விடியலிலும் காற்று 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அழுத்தம் தளர்ந்த இன்ஜினும், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் எரிந்துபோன இன்ஜினும்கூட இந்த வெப்பத்தில் சமாளித்து ஸ்டார்ட் ஆகிவிடும். எனவே இங்கே காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது என்பது பெரிய சான்று அல்ல. இங்கேயும் தயங்கினால் மட்டும், உள்ளே நோய் முற்றிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

குறுந்தூர ஓட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,680 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அதில் 18.7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை வீடும் கடையும் கோயிலும் சர்ச்சும் விடாமல் தொடர்கின்றன. எங்கே போனாலும் பத்து, இருபது கிலோமீட்டர். அதுவும் பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து. மனிதருக்கு வசதியான இந்த நெருக்கம் டீசல் இன்ஜினுக்குக் கெடுதல்.

டீசல் இன்ஜின் திறன் மிக்கது. எரிபொருளின் ஆற்றலில் பெட்ரோல் இன்ஜினைவிட அதிகப் பங்கை வேலையாக மாற்றுவதால், வீணாகும் வெப்பம் குறைவு. அதனாலேயே அது சூடாக நேரமாகும். மீட்டரில் தெரியும் தண்ணீரின் வெப்பம் நடுக்கோட்டுக்கு வந்த பிறகும், இன்ஜின் ஆயில் முழு வெப்பத்தை எட்ட மேலும் பல நிமிடங்கள் வேண்டும். நாகர்கோவிலுக்குள்ளேயே வடசேரிக்கும் கோட்டாற்றுக்கும் போய்வரும் வண்டி அந்த நிலையை அடைவதே இல்லை.

சூடாகாத இன்ஜினில் கரி அதிகம் உண்டாகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காகப் புகையின் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்வு, அந்தக் கரியையும் சேர்த்தே அனுப்புகிறது. அது ஆயில் ஆவியோடு கலந்து உள்ளிழுக்கும் குழாயின் சுவரில் கருந்தாராகப் படிகிறது. ஆண்டுகள் போகப் போகக் குழாயின் வாய் குறுகுகிறது. டர்போவின் நிலையும் இதுவே. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் அந்தச் சக்கரத்தைச் சுற்றி, காற்றோட்டத்துக்கேற்பத் திரும்பும் சிறு தகடுகள் உள்ளன. நெடுஞ்சாலை வேகத்தில் அவை அடிக்கடி அசையும், சூட்டில் கரியும் உதிரும். ஊருக்குள்ளேயே உருண்ட வண்டியில் அவை ஒரே இடத்தில் இறுகிவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிக்குப் பின் விற்ற கார்களில் இன்னொரு பாகம் சேர்ந்திருக்கிறது: கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி. அது நிறைந்ததும், உள்ளே வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்காக இன்ஜின் கணினி கூடுதல் டீசலைத் தூவுகிறது. வண்டி கால் மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓடினால்தான் இந்த வேலை முடியும். பாதியில் இன்ஜினை நிறுத்தினால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. பெட்ரோலாக இருந்தால் அடுத்த பயணத்தின் சூட்டில் ஆவியாகிவிடும். டீசலின் கொதிநிலை சுமார் 180-இலிருந்து 360 டிகிரி வரை நீள்வதால் அது ஆயிலிலேயே தங்குகிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுகிறது. ஆயில் குறைவதைப் பார்த்து அஞ்சும் நாம், கூடுவதைப் பார்த்து இன்னும் அதிகமாக அஞ்ச வேண்டும். நீர்த்த ஆயில் பேரிங்கையும் டைமிங் செயினையும் டர்போ தண்டையும் ஒருசேரத் தேய்க்கும்.

மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள்

குறுந்தூரம் ஓடியதா, நெடுந்தூரம் ஓடியதா என்று எப்படி அறிவது? பல கார்களில் இன்ஜின் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதும் கணினியில் பதிவாகியிருக்கும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கால் அதை எடுத்துத் தர முடியும். கிலோமீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் வண்டியின் ஆயுட்காலச் சராசரி வேகம் கிடைக்கும்.

முதல் வண்டி 45,000 கிலோமீட்டர், 2,500 மணிநேரம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 18 கிலோமீட்டர். நெரிசலிலும் குறுந்தூரத்திலும் கழிந்த வாழ்வு அது. இரண்டாவது 1,40,000 கிலோமீட்டர், 3,100 மணிநேரம். சராசரி 45. மும்மடங்கு தூரம் ஓடியும் அதன் இன்ஜின் கால் பங்கு நேரமே கூடுதலாக உழைத்திருக்கிறது. அதிலும் பெரும்பகுதி சரியான சூட்டில்.

இந்தக் கணக்கு ஏமாற்றையும் காட்டிக்கொடுக்கும். மீட்டரைப் பின்னோக்கித் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் முகப்புப் பலகையின் எண்ணை மட்டுமே மாற்றுகிறார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் கணினிகளில் பழைய எண் தங்கியிருக்கலாம். சராசரி வேகம் 8 என்றோ 10 என்றோ வந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

ஷெட்டில் கழிந்த காலம்

வருடத்தில் பதினொரு மாதம் நின்ற வண்டி தேயவில்லை என்பது பாதி உண்மை. தேய்மானம் தூரத்தோடு போகும். வேதிமாற்றத்துக்குத் தூரம் தேவையில்லை, காலம் போதும். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் உலோகத்தோடு மாதக்கணக்கில் ஒட்டியிருக்கின்றன. டைமிங் பெல்ட் ரப்பர் கலவையால் ஆனது; ஓடாவிட்டாலும் முதிர்ந்து வெடிக்கும். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், இன்ஜின் அத்தோடு முடிந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 230 டிகிரியாவது இருக்க வேண்டிய டாட்-4 ஆயிலின் கொதிநிலை, ஈரமேறினால் 155 டிகிரி அளவுக்கு இறங்கலாம். பாதி காலியான டீசல் டாங்கிக்குள் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் துளியாகி அடியில் சேர்கிறது. அந்த நீர்தான் ஊருக்கு வந்த உரிமையாளர் சாவியைத் திருப்பும்போது இன்ஜெக்டரைத் தேடிப் போகிறது.

சர்வீஸ் விதியில் 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்தியதோ அது' என்று எழுதியிருப்பது இதனால்தான். குறைவாக ஓடிய வண்டிக்காரர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்.

உப்பு உலர்வதே இல்லை

குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்த வீட்டில் நின்ற வண்டிக்கு இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், இரும்பின் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு எலக்ட்ரான் ஓடும் அந்த வினை விரைகிறது. வெயில் அடித்தால் காய்ந்துவிடும் என்று நினைப்பதில்தான் பிழை.

உப்புக்குக் காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக் கரையும் குணம் உண்டு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால் கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கன்னியாகுமரிக் கரையில் காற்றின் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது மிக அரிது. எனவே தகட்டில் ஒட்டிய கடலுப்புப் படலம் நம் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் ஈரமாகவே இருக்கிறது. கூரை மழையைத் தடுக்கும், உப்புக்காற்றைத் தடுக்காது. மழையில் நனைந்த வண்டியிலாவது உப்பு கழுவப்படும். ஷெட்டுக்குள் நின்றதில் அது சேர்ந்துகொண்டே போகும்.

இந்தக் காற்றின் வலிமையைத் தமிழ்நாடு நன்கறியும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருவோடு நூறாண்டுக்கு மேல் போராடி, 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தியது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அரிமானத்தையே முக்கிய ஆய்வுத்துறையாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு. கன்னியாகுமரியில் கல்லால் ஆன 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காகிதக்கூழ் பூசி, கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், காற்றில் உள்ள உப்பு கரையிலிருந்து தள்ளப்போகப்போக விரைவாகக் குறைகிறது. முதல் சில நூறு மீட்டர்தான் மிகக் கடுமை. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் நின்ற வண்டியும், கடற்கரைத் தெருவில் நின்ற வண்டியும் டிஎன் 75 என்றே தொடங்கும் பதிவெண் தாங்கியிருக்கலாம். அடித்தகட்டின் வயது ஒன்றல்ல.

உயர்தரக் காரில் உப்பின் வேலை தகட்டோடு நிற்பதில்லை. எடை குறைப்பதற்காக இவற்றின் சஸ்பென்ஷன் கைகள் பலவும் அலுமினியத்தில் செய்யப்படுகின்றன. அலுமினியமும் இரும்பு போல்ட்டும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். போல்ட் இறுகி, ஒரு மணிநேர வேலை ஒருநாள் வேலையாகும். ஏசி கண்டன்சரின் மெல்லிய தகடுகள் பொடியும். பேட்டரியின் எர்த் வயர் முனை பச்சை பூத்தால், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல கணினிகள் குழம்பி, இல்லாத பழுதுகளுக்கெல்லாம் விளக்கு எரியும். சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைந்த பிறகு, குற்றம் ஒரு வயர் முனையில் இருந்தது தெரியவரும்.

பிறவிக் குறைகள்

எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் வடிவமைப்பிலேயே உள்ள குறை போகாது. பிஎம்டபிள்யூ 320டி, 520டி கார்களில் 2007 முதல் வந்த என்47 இன்ஜினின் டைமிங் செயின், கியர்பாக்ஸ் இருக்கும் பின்பக்கத்தில் அமைந்திருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் தயாரானவற்றில் அது தளர்ந்து அறுந்ததாக உலகெங்கும் புகார் எழுந்தது. மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து சங்கிலி உரசும் ஓசை கேட்டால் அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

ஸ்கோடாவின் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயரில் இருப்பவை ஒன்றல்ல. அதிகம் தொல்லை கொடுத்தது 1.8 பெட்ரோலோடு வந்த ஏழு கியர் உலர் கிளட்ச் வகை. 2.0 டீசலோடு வந்த ஆறு கியர் வகையின் கிளட்ச் ஆயிலில் மூழ்கியது, உழைப்பாளி. அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். பத்தாண்டில் 45,000 மட்டுமே ஓடிய வண்டியில் அந்த ஆயில் ஒருமுறைகூட மாறியிருக்காது.

புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் விவகாரம் 2015-இல் வெளிவந்தபின், ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது; ஸ்கோடாவும் ஆடியும் அதில் அடங்கும். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்தத் திருத்தம் நடந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொண்டு கேளுங்கள். நிறுவனமே நாட்டை விட்டுப் போனதையும் கணக்கில் கொள்ள வேண்டும். செவ்ரோலே 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தது. நல்ல இன்ஜினும் உதிரிபாகம் வரும்வரை வொர்க்ஷாப்பில்தான் நிற்கும்.

வெளியூர் வண்டிகள்

பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தலைநகரில் தடை வந்தபிறகு, 'டெல்லி வண்டி' தெற்கே நிறைய இறங்கியது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்ததையே 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உப்பு படாத அந்த வண்டிகளின் அடித்தகடு சுத்தமாக இருக்கும். இன்ஜினோ நெரிசலில் உழன்றிருக்கும்; மணிநேரக் கணக்கு அங்கே மிக அவசியம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அதைவிட ஆபத்து. 2015-இல் சென்னை, 2018-இல் கேரளம், 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் என்று நம்மைச் சுற்றி மூன்று பெருவெள்ளங்கள் வந்து போயின. சீட் பெல்ட்டை முழுநீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். கழுவ மறந்த சேற்றுக்கோடு அங்கே இருக்கும். ஸ்டெப்னி கிடக்கும் குழியையும் தரைவிரிப்பின் அடியையும் தொட்டு, முகர்ந்து பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள்.

சோதிக்கும் காலை

முதல்நாள் இரவே விற்பவரிடம் சொல்லிவிட்டு விடியலில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனியுங்கள்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, விடாத வெள்ளை என்றால் எரியாத டீசலோ கூலன்ட்டோ, கருமை என்றால் காற்று குறைவு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. இன்ஜினை அணைக்கும்போது வண்டி உலுக்கினால் இரட்டை நிறை (டூயல் மாஸ்) ஃபிளைவீல் முடிவை நெருங்குகிறது.

பிறகு ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகக் காவல்கிணறு சென்று நான்குவழிச் சாலையில் ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இழுவை சீராக ஏற வேண்டும். நடுவில் உயிரிழந்து விளக்கு எரிந்தால் டர்போ தகடுகள் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு.

திரும்பியதும் வொர்க்ஷாப் லிஃப்ட்டில் ஏற்றுங்கள். பிரேக் குழாய்கள், சப்ஃப்ரேம், ஜாக்கி வைக்கும் விளிம்பு ஆகியவற்றைத் திருப்புளியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு பளபளத்தால் அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். நான்கு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலை ஒப்பிடும் லீக்-ஆஃப் சோதனை, ஸ்கேனரில் சிலிண்டர் வாரியான திருத்த அளவு, ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி எர்த்துக்கும் இன்ஜினுக்கும் இடையிலான வோல்ட் இழப்பு ஆகிய மூன்றையும் கேட்டுச் செய்யுங்கள். அந்த வோல்ட் இழப்பு அரை வோல்ட்டை நெருங்கினால் எர்த் சரியில்லை.

எல்லாம் தேறினாலும் வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். எல்லா ஆயில்களும் வடிகட்டிகளும், தேவைப்பட்டால் டைமிங் பெல்ட்டும், முதல் வாரமே மாற வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால் இந்த வகை வண்டி இப்போது வேண்டாம். தினம் பத்து கிலோமீட்டருக்குள் ஓடும் வீட்டுக்கு எந்த டீசலும் பொருந்தாது. பெட்ரோல் கார் பாருங்கள்.

பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. வண்டியின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலையே கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். சந்தையில் மோசமானவை மிஞ்சும் என்றார். நாம் கிலோமீட்டர் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கும்வரை, சந்தை அந்த எண்ணை மட்டுமே அழகுபடுத்திக் காட்டும். தேதியிட்ட சர்வீஸ் பில்லையும் மணிநேரப் பதிவையும் லிஃப்ட் சோதனையையும் கேட்பவர்கள் கூடக்கூட, வண்டியை ஒழுங்காகப் பராமரித்துப் பில்லைப் பத்திரப்படுத்தியவருக்கு அதற்குரிய விலை கிடைக்கும். கேட்கத் தயங்காதீர்கள். சோதனைக்கு ஒரு காலைப்பொழுதைத் தர விற்பவர் மறுத்தால், வண்டி எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள்.